சிங்கம் வேண்டாமக்கா

"சிங்கப்பூர் சீனாவில் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று லண்டனில் என்னை முதன்முதலாகக் கேட்டவர், நான் நர்ஸ் வேலை பழகிய வார்டின் தலைமைத் தாதி. எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. கையிலிருந்த படுக்கைவிரிப்பைக் கீழே வைத்துவிட்டு, மலாயாவின் கீழ்நுனிக்கும் கீழே, பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் மேலே, என்று பொறுமையாக விளக்கினேன். "ஓ, உன் ஆங்கிலம் நன்றாக இருக்கிறதே" என்றார். இரண்டு வாரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது, "ஆமாம், சீனாதான். பெருஞ்சுவருக்குப் பின்னால்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். அவர் அதை அப்படியே நம்பிவிட்டதுதான் எரிச்சல்.

வெள்ளைக்காரர்களையாவது மன்னித்துத் தொலைக்கலாம். நம்மவர்களை என்ன செய்வது? ஓய்வுநாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஆர்ச்வே ரயில் நிலையத்தில் இறங்கி, அந்த மேட்டில் மூச்சு வாங்க ஏறி முருகன் கோயிலுக்குப் போவேன். பிரசாத வரிசையில் யாராவது ஒரு யாழ்ப்பாணத்து அம்மா திரும்பிப் பார்ப்பார்.

"நீங்கள் இந்தியாவோ?"

"இல்லைங்க, சிங்கப்பூர்."

"அது சரி. இந்தியாவில எவடம்?"

ஒருநாள் சலித்துப்போய், "எங்க தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "அதுதானே பார்த்தன்!" என்று அந்த அம்மா வெற்றிப் புன்னகை செய்தார். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியது, அப்பா அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டியது, நான் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் பிறந்து வளர்ந்தது எல்லாம் ஒரே நொடியில் கடலில் போய்விட்டன.

இதற்கிடையில் நான் கல்யாணம் செய்துகொண்டதும் ஒரு யாழ்ப்பாணத்தாரைத்தான். யாரைக் குறை சொல்வது? ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அகதி அவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்தவர். எனக்குத் தமிழ் தெரியும் என்று அறிந்த நாளிலிருந்து என் சாப்பாட்டுத் தட்டில் மட்டும் உருளைக்கிழங்கு இரண்டு மடங்காக விழுந்தது. கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தோம். அங்கேதான் இரண்டு தீவுகளும் மோத ஆரம்பித்தன.

முதல் மோதல் பெலாச்சான். இறாலை உப்பிட்டு இடித்து வெயிலில் காயவைத்த கட்டி அது. சம்பல் அரைக்கும் முன்னால் அதை நெருப்பில் வாட்ட வேண்டும். அப்பா அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்து நான் வாட்டிய அன்று, கீழ்வீட்டு வெள்ளைக்காரர் காஸ் ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டுவிட்டார். சீருடையோடு இரண்டு பேர் ஏணியும் கருவியுமாக வந்து நின்றார்கள். என் கணவர் அவர்களோடு சேர்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்னப்பா இது, எலி கிலி செத்துக் கிடக்கோ?"

"நீங்க தின்கிற கருவாடு மட்டும் மல்லிகைப்பூவா?"

"கருவாடு வேற. அது எங்கட சாப்பாடு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அம்மியை, அதாவது அம்மிக்குப் பதில் நான் வைத்திருந்த கல்லுரலை, ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். காஸ்காரர்கள் அப்போதுதான் கீழே இறங்கிப் போயிருந்ததால் வீசவில்லை.

இரண்டாவது மோதல் பெரியது. தொலைக்காட்சியில் இலங்கைச் செய்தி வந்து போன ஒரு மாலையில், அவர் சோபாவில் சரிந்தபடி, "உங்கட நாடு என்னெண்டு தனி நாடானது?" என்று கேட்டார். நான் சொன்னேன். முதலில் வெள்ளைக்காரன் ஆண்டான். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் வந்தான். அப்பா சின்னப் பையன். மூன்று வருடம் மரவள்ளிக்கிழங்கு தின்றே வளர்ந்தார். பெரியப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவே இல்லை. பிறகு மறுபடி வெள்ளைக்காரன். பிறகு மலேசியாவோடு சேர்ந்தோம். இரண்டே வருடத்தில் அவர்கள் எங்களைப் பிரித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். எங்கள் பிரதமர் டெலிவிஷனில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர்கூட ஜொகூரிலிருந்து குழாயில் வரவேண்டிய நாடு, தனியாக எப்படிப் பிழைக்கும் என்று அப்பா அன்று சாப்பிடாமல் படுத்தாராம்.

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"பொறும் பொறும். பிரிஞ்சு போங்கோ எண்டு அவங்களாவே விட்டவங்களோ?"

"ஆமா."

"நீங்கள் அழுதனீங்களோ?"

"ஆமா. என்ன செய்யிறதுன்னு தெரியலையே."

"அங்கை நாங்கள் அதுக்காகச் செத்துக்கொண்டிருக்கிறம். உங்களுக்குச் சும்மா கையில குடுத்திருக்கிறாங்கள். அதுக்கும் அழுகையோ!"

அவர் சிரிக்கவில்லை. ஊரில் இருந்த தம்பியைப் பற்றி மூன்று மாதமாகத் தகவல் இல்லாத காலம் அது. நான் தொலைக்காட்சியை அணைத்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் நாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஏதோ பசித்தவன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல எனக்கே கூச்சமாகிவிட்டது. கூச்சம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அவருடைய தீவில் ரத்தம் ஓடுகிறது என்பதற்காக என்னுடைய தீவு இல்லாமல் போய்விடுமா?

மகள் பிறந்தாள். அந்தக் காலச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியாகத்தான் சிங்கப்பூர்க் குடியுரிமை. தாய் வழியாக இல்லை. அதையும் விழுங்கிக்கொண்டேன். பிறகு கணவருக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது. மகள் பிறப்பிலேயே பிரிட்டிஷ். வீட்டில் நான் ஒருத்திதான் சிவப்புச் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டோடு பாக்கி.

பாரிஸில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணனுக்குக் கல்யாணம். போய்விட்டுத் திரும்பும்போது ஏர்போர்ட்டில் இரண்டு வரிசை. அவரும் மகளும் ஒன்றில் விறுவிறுவென்று போய்விட்டார்கள். மற்றதில் ஒரு விமானம் நிறைய ஆட்களுக்குப் பின்னால் நான். ஒன்றரை மணி நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து வயது மகள், அம்மா வரவில்லை என்று தரையில் உருண்டு அழுகிறாள். கணவர் கையை விரித்துக் காட்டுகிறார். வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "இஞ்சேர், இதை ஒருக்கா யோசியும். எல்லாருக்கும் ஒரே பாஸ்போட் எண்டா இந்தக் கரைச்சல் இல்லைத்தானே."

சிங்கப்பூரில் இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும். இரண்டு வருடம் இழுத்தடித்தேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் அந்தக் கண்ணாடிக் கதை வீட்டில் ஓடும். கடைசியில் ஒரு புதன்கிழமை, ஷிப்டுக்குப் போகும் வழியில், எங்கள் ஹைகமிஷனில் போய்க் கையெழுத்துப் போட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். பாஸ்போர்ட்டை நான் தள்ளினேன், அவர் எடுத்துக்கொண்டார். ஒரு கோப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.  "சரிம்மா. அங்க குளிரு எப்படி?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

கணவரோ அடுத்த சனிக்கிழமை மகளின் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அப்டன் பார்க் கடையிலிருந்து ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு போய், "மனுசியும் பிரிட்டிஷ் ஆகிட்டா" என்று எல்லோருக்கும் கொடுத்தார். நானும் ஒரு லட்டு தின்றேன். 

அந்தச் சனிக்கிழமைதான் வகுப்பறைக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆண்டு விழாப் பேச்சுப் போட்டி. தலைப்பு: நாங்கள் வந்த நாடு.

எனக்குள் ஏதோ குறுகுறுத்தது. பாஸ்போர்ட்தான் போய்விட்டது. ஒரே ஒரு தடவை, ஐந்து நிமிஷம், ஒரு மேடையில், என் மகள் வாயால் என் நாடு பேசப்படட்டும். இந்த மனிதர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் சனிக்கிழமைப் பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டி எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை பேசும், ஆனால் பேச்சு பிள்ளையுடையது அல்ல. ஆசிரியையோ, அதாவது ரீச்சரோ, தாய் தகப்பனோ நல்ல செந்தமிழில் ஒன்றரைப் பக்கம் எழுதித் தருவார்கள். பிள்ளை அதை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து, பாட்டுபோல நெட்டுருப் போடும். அர்த்தம் பாதிக்கு மேல் தெரியாது. நடுவில் நிறுத்திவிட்டால் அந்த இடத்திலிருந்து தொடர வராது. காசெட்டைப்போல முதலிலிருந்து ஓட வேண்டும். எங்கே கையை உயர்த்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்பதுகூட எழுதிக் கொடுத்ததுதான்.

எனக்குச் செந்தமிழில் எழுதிப் பழக்கம் விட்டுப் பல வருடம். அதனால் போன வருடம் முதற்பரிசு வாங்கிய பேச்சின் பிரதியை மகளின் ரீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் எழுதியதுதான். "நாற்புறமும் கடல் சூழ்ந்த நல்லதொரு தீவு எங்கள் நாடு" என்று தொடங்கும். எங்கள் நாட்டுக்கும் அது பொருந்துமே, அப்படியே எடுத்துக்கொண்டேன். நடுவில் ஓர் இடத்தில், "இத்தகைய நாட்டிலே தமிழர் வாழும் வாழ்வைச் சொல்லவும் வேண்டுமோ?" என்று கையை விரித்துக் கேட்கும் கட்டம். அதுவும் நன்றாக இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மற்றதெல்லாம் என்னுடையது. ஆஸ்பத்திரிக் கேன்டீனில் சாப்பாட்டு நேரங்களில் எழுதினேன். சுமத்திராவின் பலெம்பாங்கிலிருந்து வந்த இளவரசன் கரையில் ஒரு மிருகத்தைக் கண்டு சிங்கம் என்று நினைத்தது, சிங்கமே இல்லாத அந்தத் தீவுக்குச் சிங்கபுரம் என்று பெயர் வைத்தது. கடலை மண்போட்டு நிரப்பி நாங்கள் தரையை வளர்ப்பது. மலை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லும் குன்று. காலையில் பெய்து மத்தியானத்தில் காயும் மழை. தேக்காச் சந்தையில் சீனக் கறிகாய்க்காரி மலாயில் விலை சொல்ல, என் அம்மா தமிழில் திட்ட, இருவரும் சிரிப்பது. தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ் இருந்த மின்சாரப் பெட்டியில் நான்கு மொழியிலும் 'அபாயம்' என்று எழுதியிருக்கும். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தமிழ்ச் சொல்லே அதுதான். அதையும் எழுதினேன். பண்டிகை நாளில் பக்கத்து வீட்டார் பலகாரத் தட்டோடு கதவைத் தட்டுவதையும் எழுதினேன்.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல வரவில்லை. இந்தியருக்கு வாடகைக்கு வீடு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன வீட்டுக்காரர்களும் அங்கே உண்டு. அப்பாவின் பழைய கம்பத்தை, அந்தக் குடிசைக் கிராமத்தை, இடித்துத் தள்ளி ஒரே மாதத்தில் எல்லோரையும் மாடிக்கு ஏற்றினார்கள். ஆனால் பேச்சுப் போட்டியில் யார் அதையெல்லாம் சொல்வார்கள்? விருந்தாளி வரும்போது வீட்டைக் கூட்டி வைப்பதில்லையா?

மூன்று வாரத்தில் மகள் கரைத்துக் குடித்துவிட்டாள். பல் துலக்கும்போதும் சொல்வாள். குளிக்கும்போதும் சொல்வாள். கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலாம் சனிக்கிழமை ரீச்சர் என்னை ஓரமாக அழைத்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஊரில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். இங்கே வாரநாட்களில் சூப்பர்மார்க்கெட்டில் பணம் வாங்கும் தில்லில் நிற்பார், சனிக்கிழமையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருவார். அம்மாவும் சகோதரர்களும் யாழ்ப்பாணத்தில்.

"அக்கா, பிள்ளை தொடக்கத்தை நல்லாச் சொல்லுறா. ஆனா ஒரு பிரச்சினை."

"என்ன ரீச்சர்?"

"சிங்கம் வேண்டாமக்கா."

"என்னது?"

"அந்த மண்டபத்தில முந்நூறு சனம் இருக்கும். சிங்கத்தின்ர நாடு எண்டு பிள்ளை சொன்னா சனம் என்ன நினைக்கும்? எங்களுக்குச் சிங்கம் எண்டா ஒரே சிங்கம்தான், அது சிங்களவரின்ர கொடியில வாளோட நிக்குது."

"ரீச்சர், அது வேற சிங்கம்!"

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். பின்வரிசையில இருக்கிற ஆக்களுக்கு ஆர் விளங்கப்படுத்திறது?"

"நாட்டோட பேரே அதுதானே ரீச்சர். பேரைச் சொல்லாம எப்படி நாட்டைப் பத்திப் பேசுறது?"

அவர் சங்கடப்பட்டார். கையிலிருந்த தாளை நீட்டினார். இலங்கையைப் பற்றிய பேச்சு. போன வருடப் பேச்சைக் கொஞ்சம் மாற்றி எழுதியது. "மற்றப் பிள்ளையள் எல்லாம் ஊரைப் பற்றித்தான் பேசுகினம். அப்பா யாழ்ப்பாணம்தானே. ரண்டு கிழமை இருக்கு, பிள்ளை கெட்டிக்காரி, பாடமாக்கிடுவா."

நான் கணவரைப் பார்த்தேன். இந்த ஒரு தடவையாவது வாயைத் திறந்து, "இல்லை, தாயின்ர நாட்டையும் பேசட்டும்" என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "பாஸ்போர்ட்டைக் கொடுன்னீங்க, கொடுத்தேன். பெலாச்சான் நாறுதுன்னீங்க, நிறுத்தினேன். இப்ப ஊர்ப் பேரையே சொல்லக் கூடாதா? நான் எங்கதாங்க இருந்து வந்தேன்? வானத்துல இருந்து குதிச்சேனா?"

"நீர் ஏனப்பா சும்மா கத்திறீர்? சின்னப் பிள்ளையின்ர பேச்சு அது. ஆர் கேக்கப் போகினம்?"

"யாரும் கேட்க மாட்டாங்கன்னா எதுக்கு மாத்தணும்?"

அவர் தேநீர் போட எழுந்து போனார். ஆனாலும் கடைசியில் விட்டுக்கொடுத்தது நான்தான். வேறு என்ன செய்வது, பிள்ளையை நடுவில் வைத்து இழுக்க முடியுமா? என் தாளை மடித்து அலமாரியில் போட்டேன். புதுத் தாளை மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். "நாற்புறமும் கடல் சூழ்ந்த நல்லதொரு தீவு எங்கள் நாடு" என்று தொடங்கியபோது அவள், "அம்மா, ஐ நோ திஸ் ஒன்!" என்று துள்ளினாள். பனைமரம், நல்லூர்த் தேர், கீரிமலைக் கேணி என்று போய், அந்தக் கை விரிக்கும் கட்டத்துக்குப் பிறகு ஷெல்லடி, இடம்பெயர்வு, கண்ணீர் என்று முடியும். எட்டு வயதுப் பிள்ளை அழுகுரலில் அதைச் சொல்ல ரீச்சர் தாளின் ஓரத்தில் குறித்திருந்தார்.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வாசலில் ஈரக் கோட்டுகள் மலைபோலக் குவிந்திருந்தன. பின்னால் பொரித்த ரோல்ஸும் தேநீரும். மேடைக்கு முன்னால் மூன்று நடுவர்கள். நான் ஐந்தாம் வரிசையில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் நீலக் கம்பளித் தொப்பியோடு ஒருவர்; பெட்ரோல் ஷெட்டில் வேலை, ஷிப்ட் முடிந்து நேரே வந்தவர். ஏழு பிள்ளைகள் பேசி முடித்தார்கள். ஏழு தடவை பனைமரம் வந்து போயிற்று. கூட்டம் பாதி கேட்டது, பாதி கதைத்தது. தொப்பிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

எட்டாவது என் மகள். பட்டுப் பாவாடை, வெள்ளைச் சாக்ஸ். மைக் உயரமாக இருந்தது, யாரோ வந்து இறக்கினார்கள். கணீரென்று தொடங்கினாள். கடல் சூழ்ந்தது, பனை அசைந்தது, தேர் ஓடியது. ரீச்சர் மேடையின் ஓரத்தில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். மகள் இரண்டு கையையும் விரித்தாள்.

"இத்தகைய நாட்டிலே தமிழர் வாழும் வாழ்வைச் சொல்லவும் வேண்டுமோ?"

ஒரு மூச்சு. குரலை இறக்க வேண்டிய இடம். அவள் இறக்கவில்லை.

"இங்கே தமிழும் ஆட்சி மொழி! வானொலியில் தமிழ் ஒலிக்கிறது. பள்ளியில் தமிழ் ஒலிக்கிறது. தெருவோர மின்சாரப் பெட்டியும் தமிழில் பேசுகிறது!"

 அவள் தடம் மாறிவிட்டாள். அந்த ஒரு வரி இரண்டு பேச்சிலும் இருந்தது. அதில் காலை வைத்தவள், முதலில் படித்த பாதையில் சரசரவென்று போய்க்கொண்டிருந்தாள். ரீச்சரின் உதடு அசையாமல் நின்றுவிட்டது. நிறுத்தினால் அவளுக்குத் தொடர வராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறார்கள். ஒருவர் மொழியைக் கேட்டு மற்றவர் முகம் சுளிப்பதில்லை."

சீனரும் மலாய்க்காரருமா என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கதைத்துக்கொண்டிருந்த பின்வரிசை அடங்கியது. கோப்பைச் சத்தம் நின்றது.

"கதவு தட்டும் ஓசை கேட்டால் இங்கே எவரும் அஞ்சுவதில்லை. பக்கத்து வீட்டார் பலகாரம் கொண்டு வந்திருப்பார் என்று பிள்ளைகள் ஓடிப் போய்த் திறப்பார்கள்!"

அதை எழுதும்போது எனக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை. தட்டில் இருந்த பலகாரம்தான் தெரிந்தது. அந்த மண்டபத்தில் அது விழுந்தபோது விழுந்த மௌனத்தில்தான், அங்கே இருந்தவர்கள் எந்தக் கதவை, எந்தத் தட்டலை நினைத்தார்கள் என்று எனக்கு உறைத்தது. என் அருகே கணவர் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். தொப்பிக்காரர் விழித்திருந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தில் அழுத்திக்கொண்டார், தோள் குலுங்கியது.

மகள் வணக்கம் சொன்னாள்.  பிறகு கைதட்டல் எழுந்தது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள்.

முதற்பரிசு அவளுக்குத்தான். நடுவர்களில் மூத்தவர் மைக்கைப் பிடித்தார். "எங்கட நாடு ஒருநாள் இப்பிடி வரவேணும் எண்டு இந்தப் பிள்ளை கனவு கண்டிருக்கிறா. அந்தக் கனவு பலிக்க வேணும்."

மறுபடி கைதட்டல்.  கனவா? ஐயா, அது கனவு இல்லை. அது குவீன்ஸ்டவுன். அது எங்கள் புளோக். இத்தனை வருடம் இந்தியாவா, சீனாவா, மலேசியாவா என்று கேட்டீர்கள். இன்று முதன்முதலாக என் நாட்டை வாய் மூடிக் கேட்டுவிட்டு, அதையும் உங்களுடையதாக்கிக்கொண்டு போகிறீர்களே! எழுந்து கத்தியே விடுவது என்று வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். தொப்பிக்காரரைத் தாண்ட வேண்டியிருந்தது. அவர் இன்னும் தொப்பியை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அந்த மனிதரைத் தாண்டிப்போய் எதைச் சொல்வது? அங்கேயே நின்றுவிட்டேன்.

மகள் கிண்ணத்தைக் கட்டிப்பிடித்தபடி ஓடி வந்தாள். "அம்மா, நான் பிழையாச் சொல்லிட்டனா?"

"இல்லடா. எல்லாம் சரியாத்தான் சொன்னே."

ரீச்சர் அவளுக்குப் பின்னாலேயே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து நானும் வாயைக் கூர்தீட்டி வைத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது.

"அக்கா, நீங்கள் எழுதினதை நான் முழுசா வாசிக்கேல்லை. சிங்கத்தோடயே நிப்பாட்டிட்டன்." கொஞ்சம் தயங்கினார். "அப்பிடி ஒரு இடம் மெய்யாவே இருக்கோ?"

"இருக்கு ரீச்சர்."

"கதவு தட்டினா பலகாரமோ?"

"ஆமா. சீனப் புத்தாண்டுக்கு அவங்க. தீபாவளிக்கு நாங்க. நோன்புப் பெருநாளைக்கு எதிர்வீட்டு மலாய்க்காரங்க."

"நீங்கள் அங்க பிறந்தனீங்கள். அது உங்கட நாடு."

"ஆமா." பதின்மூன்று வருடத்தில் இந்த ஊரில் ஒருவர் அதை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் காத்திருந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். வந்துவிட்டது.

ரீச்சர் என் கையை விடவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. குத்திக் காட்டக் கேட்கவில்லை.

"வேலை பழக வந்தீங்கள், கலியாணம் முடிச்சீங்கள், அது சரி. அந்தப் பாஸ்போட்டை என்னத்துக்கக்கா திருப்பிக் குடுத்தனீங்கள்?"

கணவர் கோட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். கேள்வி அவர் காதிலும் விழுந்திருந்தது. அவரும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

நான் என்ன சொல்வேன்? ஏர்போர்ட்டில் வரிசை நீளமாக இருந்தது என்றா?